ஒலிபெருக்கி டீச்சர் வாய் திறக்காமல் நடத்திய பாடம்

ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் அந்த டீச்சருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கேட்டால் பள்ளிக்கூடத்துக் காவலாளிக்கே தெரியாது. ‘ஒலிபெருக்கி டீச்சர்’ என்று கேட்டால்தான், “மாடி ஏறிப் போங்க. அதுக்கு மேல யாரையும் வழி கேக்க வேணாம். சத்தம் வர்ற பக்கமா நடந்தா போதும்” என்பார்.

குரல் அப்படி. அவள் இலையைப் பற்றி நடத்தினால், சுவருக்கு அந்தப் பக்கம் வரலாற்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் இலையைப் படித்துவிடுவார்கள். ஒரு பரீட்சையில், போரில் தோற்றுக் காட்டுக்குள் ஓடிய ராஜா எப்படி உயிர் பிழைத்தார் என்று கேட்டிருந்தது. சூரிய வெளிச்சத்தில் தன் உணவைத் தானே தயாரித்துக்கொண்டார் என்று ஒரு பையன் எழுதி வைத்தான். வரலாற்று வாத்தியார் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார்.

“பாதி மார்க்காவது போடுங்க சார். ராஜாவை விட்டுட்டுப் பாத்தா பையன் எழுதினது சரிதானே?” என்றாள் அவள். வாத்தியார் காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பிறந்து வளர்ந்தது மில்லுக்குப் பின்னால் ஒரு வீட்டில். மில் சத்தத்தில் அப்பாவுக்குக் காது மந்தம். வீடு நிறைய அண்ணன் தம்பிகள். தட்டில் இன்னொரு கரண்டி விழ வேண்டுமென்றால் கத்தித்தான் வாங்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இடத்திலோ தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் மழையா டீச்சரா என்று போட்டி. மழைதான் முதலில் ஓயும். இப்படி வளர்ந்த குரலைப் போய்க் குறைசொல்ல முடியுமா? யார் என்ன சொன்னாலும் சரி, அவளிடம் இருந்தது சத்தம்தான். கோபம் கிடையாது.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு புரொஜெக்டர் வந்தது. அதை அவள் வகுப்பறைக் கூரையில் மாட்டினார்கள். மழைக்காலத்தில் ஈரக்குடையைத் தொங்கவிட, அதை மாட்டிய கம்பி தோதாக இருந்தது. “செவுத்துல படம் பாக்கணும்னா தியேட்டருக்குப் போகட்டும். எனக்கு வாய் இருக்கு” என்று சொல்லிவிட்டாள்.

கடைசியில் அந்த வாய்தான் காலை வாரியது. ஒருநாள் பாடத்துக்கு நடுவே துருப்பிடித்த கேட் திறப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. அதற்கப்புறம் வெறும் காற்று. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, குரல் நரம்பில் கொப்புளம் என்றார். ஒரு மாதம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. மீறிப் பேசினால் மிச்சமிருக்கும் குரலும் போய்விடும் என்றார்.

கூடப் போயிருந்த வீட்டுக்காரர் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். “ஒரு மாசமா டாக்டர்? முழுசா ஒரு மாசமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கவலை எவ்வளவு, நிம்மதி எவ்வளவு என்று டாக்டருக்குப் பிடிபடவில்லை. டீச்சருக்குப் பிடிபட்டது. முழங்கையால் விலாவில் ஒன்று கொடுத்தாள்.

மறுநாள் தலைமையாசிரியர் வெண்ணெய் தடவியதுபோல் பேசினார். “உடம்பைப் பாருங்க டீச்சர். ஒன்பதாம் வகுப்பைக் கம்ப்யூட்டர் சார் எடுத்துக்கட்டும். நீங்க இனிமே பாடப்புத்தக ரூமைப் பாத்துக்குங்க. அங்க யார்கூடவும் பேச வேண்டியதே இல்ல.”

பாடப்புத்தக அறை என்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. அதற்குள் போன எந்த டீச்சரும் திரும்ப ஒரு வகுப்புக்குள் வந்ததில்லை. அவள் மேஜையிலிருந்த காகிதத்தை இழுத்து, ‘வகுப்பு என்னுடையது’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினாள்.

“பேசாம எப்படிங்க பாடம் நடத்துவீங்க? சரி, மாசக் கடைசியில ஆய்வாளர் மேடம் வர்றாங்க. அவங்க முன்னாடி வகுப்பு ஒழுங்கா நடந்தா வகுப்பு உங்களுது. நடக்கலேன்னா கம்ப்யூட்டர் சாருது.”

‘நடக்கும்’ என்று எழுதினாள். எப்படி நடக்கும் என்று அவளுக்கும் தெரியாது.

வழி சொன்னது மருமகள். “இதுக்கா அத்தை இவ்வளவு யோசனை? நீங்க போன்ல டைப் பண்ணுங்க, அதுவே படிச்சுச் சொல்லும்.” படித்தும் சொன்னது. ஆனால் அது ஓர் ஆண்குரல். வங்கியில் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவதுபோல் நிதானமான, மரியாதையான குரல். அன்று மாலை முதல்முறையாக அது வீட்டில் வாய் திறந்தது.

“காபில சக்கரை போதல.”

“இதோ போடச் சொல்றேன் சார்” என்று வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். மருமகள் சமையலறைக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் எவ்வளவு சொல்லியும் அவருக்கு அந்த ‘சார்’ போகவில்லை.

வகுப்பில் கதை இன்னும் மோசம். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அவள் வேகவேகமாகத் தட்டினாள். “கழுதைங்களா, வாயை மூடுறீங்களா, இல்ல வெளிய போறீங்களா?” என்று வங்கிக்குரல் பணிவோடு கேட்டது. வகுப்பே பெஞ்சில் விழுந்து புரண்டது. “டீச்சர், இன்னொரு தடவை திட்டுங்க டீச்சர்!” என்று கெஞ்சினார்கள். திட்டு வாங்கவே ஆசைப்படுகிற பிள்ளைகளை என்னவென்று திட்டுவது?

வேறு வழியில்லாமல் ஒருநாள் வகுப்பைக் கம்ப்யூட்டர் சாரிடம் விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவர் நல்ல பிள்ளை. ராத்தூக்கம் கெட்டுப் படங்கள் செய்து கொண்டுவந்திருந்தார். எழுத்துகள் பறந்து வந்தன, பூமி சுற்றியது, பின்னணியில் பாட்டு ஓடியது. விளக்கை அணைத்ததும் முன்வரிசை படம் பார்த்தது, நடுவரிசை கணக்கு வீட்டுப்பாடம் எழுதியது, பின்வரிசை நிம்மதியாகத் தூங்கியது. டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒரு சந்தேகம் வந்து சிரிப்பை நிறுத்தியது. தான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோதும் இங்கே இதுதானே நடந்திருக்கும்? பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இத்தனை மாதத்தில் அவள் குரல் எப்படி இருக்கும் என்றே டீச்சருக்குத் தெரியாது. பேச இடம் கொடுத்திருந்தால்தானே தெரியும்.

அன்று மாலை, மாத்திரை அட்டையிலிருந்த பொடி எழுத்தை மருமகள் போன் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினாள். டீச்சர் அட்டையைத் தூரப் போட்டுவிட்டுப் போனைப் பிடுங்கினாள். தன் விரல் நகத்தைப் பார்த்தாள், பருப்பைப் பார்த்தாள், தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் மூக்கைப் பார்த்தாள். பிறகு சுவரைக் காட்டி, கையை அகல விரித்து, மருமகளிடம் ஏதோ கேட்டாள்.

“செவுத்துல இவ்வளவு பெருசா தெரியணுமா? தெரியும் அத்தை. உங்க புரொஜெக்டர்ல ஒரு ஒயர் சொருகணும். ஆனா மாமா மூக்கு வேணாம்.”

ஒயர் கம்ப்யூட்டர் சார் கொடுத்தார். போனைப் பிடிக்க ஒரு தாங்கி வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் பழைய ஹேண்டில்பாரை நிமிர்த்தி மரக்கட்டையில் அடித்து, அதன் தலையில் கேரியர் கிளிப்பை முறுக்கி, போனைக் கவ்வ வைத்தார். மணியைக் கழற்ற மறந்துவிட்டார். அதுவும் நல்லதாயிற்று, பிள்ளைகள் கூச்சல் போட்டால் ‘டிரிங்’ என்று ஒரு அடி. மருமகள் போனில் நாலு பொத்தான் போட்டுக் கொடுத்தாள், தட்டிக்கொண்டே இருக்க வேண்டாமென்று: ‘ஏன்?’, ‘அப்புறம்?’, ‘நீ சொல்லு’, வீட்டுக்கு ‘காபில சக்கரை போதல’.

குடை கம்பியிலிருந்து இறங்கியது. மறுநாள் சுவரில் எருமை அளவுக்கு ஓர் எறும்பு நடந்தது. முன்வரிசை அலறியது, பின்வரிசை எழுந்து முன்னால் வந்தது. எதிரே வந்த இன்னொரு எறும்பின் முகத்தை அது தடவியது. டீச்சர் பொத்தானை அழுத்தினாள். “ஏன்?”

“வழி கேக்குது டீச்சர்” என்றான் ஒருவன்.

‘அப்புறம்?’ என்பதற்குப் பதிலாக விரல் பக்கத்துப் பொத்தானில் விழுந்துவிட்டது. “காபில சக்கரை போதல” என்றது வங்கிக்குரல்.

வகுப்பு ஒரு கணம் முழித்தது. பதில் சொன்ன பையன்தான் முதலில் தலையாட்டினான். “ஆமா டீச்சர், பதில்ல கொஞ்சம் கம்மிதான். இருங்க, இன்னும் கொஞ்சம் போடுறேன். அது வாசனை பாக்குது. நம்ம கூட்டமா, வேற கூட்டமான்னு.”

அன்றிலிருந்து அந்த வகுப்பில் அரைகுறைப் பதிலுக்கு அதுதான் பெயர். யாராவது மேலோட்டமாக எதையாவது சொன்னால், டீச்சருக்கு முன்னால் பக்கத்துப் பெஞ்சே “சக்கரை போதல” என்றுவிடும். டீச்சர் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: எதையாவது கேமராவுக்குக் கீழே வைப்பாள், ஒரு பொத்தானை அழுத்துவாள், வாயைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். இந்தக் காத்திருப்புதான் அவளுக்குச் சித்திரவதை. பதில் நாக்கு நுனியில் வந்து நிற்கும். விழுங்குவாள்.

மாதம் முடியும் முன் ஆய்வாளர் மேடம் வந்துவிட்டார். டாக்டர் சொன்ன கெடு இன்னும் தீரவில்லை. தலைமையாசிரியர் அவரைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, காபி சொல்லக் கீழே போனார்.

டீச்சர் ஓர் எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக் கேமரா முன்னால் வைத்தாள். சுவரில் பெரிய டம்ளர். கொஞ்ச நேரத்தில் அதன் வெளிப்பக்கம் வேர்த்தது; பூசணிக்காய் அளவுக்குத் துளிகள் திரண்டு வழிந்தன. “ஏன்?” என்றது வங்கிக்குரல்.

“டம்ளர் ஓட்டை டீச்சர்” என்றான் முன்வரிசைப் பையன், அடித்துச் சொல்வதுபோல். “ஆமா, ஒழுகுது, ஒழுகுது” என்று பாதி வகுப்பு அவன் பக்கம் சாய்ந்தது. மேடம் தலையைக் குனிந்து என்னவோ எழுதினார். டீச்சருக்கு மாடிப்படிக்குக் கீழே இருந்த பொந்து கண்முன்னால் வந்து நின்றது. ஒரே ஒரு வாக்கியம் போதும், எல்லாம் சரியாகிவிடும். மார்பு நிறைய மூச்சை இழுத்து, வாயைத் திறந்தே விட்டாள்.

“டீச்சர், பேசாதீங்க!”

மொத்த வகுப்பும் சேர்ந்து போட்ட சத்தம் அது. கீழே காபிக் கிளாஸோடு நின்ற தலைமையாசிரியர், “ஐயோ, குரல் வந்துடுச்சா?” என்று படியேறி ஓடி வந்தார். வரலாற்று வாத்தியாரும் பின்னாலேயே வந்தார்.

டீச்சர் வாயை மூடிக்கொண்டாள். ‘நீ சொல்லு’ என்பதை அழுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் விரலை நீட்டினாள்.

ஜன்னலோரப் பெண் எழுந்தாள். “ஓட்டைதானான்னு பாத்துடலாம் டீச்சர். தண்ணியில மையை ஊத்துங்க. உள்ள இருக்கறதுதான் வெளிய வருதுன்னா, துளியும் நீலமா இருக்கணும்ல?”

மையை ஊற்றினார்கள். பழைய துளியைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். எல்லார் கண்ணும் சுவரில். புதுத் துளி திரண்டது; கண்ணாடிபோல் பளிச்சென்று, ஒரு பொட்டு நீலம் இல்லாமல். “அப்போ காத்துல இருந்து வருது!” என்று ஓட்டைக்காரனே முதலில் கத்தினான்.

மேடத்துக்கும் இருப்புக் கொள்ளவில்லை. “ரொம்ப சரி. இதுக்குப் பேரு ஆவி சுருங்குதல்” என்றார்.

“சக்கரை போதல மேடம்” என்றாள் ஜன்னலோரப் பெண்.

தலைமையாசிரியர் கையிலிருந்த காபியைப் பார்த்தார். “போட்டாச்சே? நானே ரெண்டு கரண்டி போடச் சொன்னேனே!”

“காபி இல்ல சார். மேடம் வெறும் பேரைத்தான் சொன்னாங்க. எப்படின்னு சொல்லலையே.”

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, காற்றில் இருக்கும் ஆவி குளிர்ந்த டம்ளரைத் தொட்டதும் தண்ணீராவதைச் சர்க்கரை போட்டே சொன்னார். பிறகு தலைமையாசிரியர் பக்கம் திரும்பி, “இது யாரோட வகுப்பு?” என்று கேட்டார்.

“இப்போதைக்கு இவங்களுது மேடம். அடுத்த மாசத்துல இருந்து வேற ஒருத்தர்...”

“ஏன்?” என்றது வங்கிக்குரல்.

தலைமையாசிரியர் போனைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். “இல்ல, அவங்களால பேச முடியாதேன்னு...”

“அப்புறம்?”

“அப்புறம்... அப்புறம் ஒண்ணுமில்ல டீச்சர். வகுப்பு உங்களுதே” என்று சொல்லிவிட்டு, மேடத்துக்குக் கொண்டுவந்த காபியைத் தானே குடித்தார். கம்ப்யூட்டர் சார்தான் கதவோரம் நின்று முதலில் கை தட்டினார்.

வரலாற்று வாத்தியாருக்கு விடிவு காலமே வரவில்லை. “முன்னாடி ஒருத்தர் சத்தம்தான் கேட்டுச்சு, இப்போ வகுப்பு மொத்தமும் கத்துது” என்று இன்றைக்கும் புலம்புகிறார்.

கெடு முடிந்ததும் டாக்டர் பேசச் சொன்னார். குரல் வந்தது, பழையதில் பாதி. அது போதும் என்று வைத்துக்கொண்டாள். தாங்கியையும் மணியையும் ‘ஏன்?’ பொத்தானையும் விடவில்லை. டாக்டர் பேசச் சொன்ன அன்று மாலை வீட்டில் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, தன் சொந்த வாயால் முதல் வார்த்தை சொன்னாள்.

“காபில சக்கரை போதல.”

வீட்டுக்காரர் எழுந்து நின்று, சுற்றுமுற்றும் போனைத் தேடினார். “சார் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?” என்றார்.