நம்பத்தகுந்த ஆலை வட்டாரம்

பெட்டி அக்காவுக்கு அந்தப் பெயர் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. செருப்புப் பெட்டி, பல்பு பெட்டி, இருமல் மருந்துப் பெட்டி, மிக்ஸிப் பெட்டி என்று கான்ட்ராக்டர் எந்த ஆலைக்கு வேன் அனுப்பினாரோ அந்த ஆலையின் பெட்டியை மடித்தாள். தட்டையாகக் கிடக்கிற அட்டையை எடுத்து நாலு மடிப்பு, ரெண்டு சொருகல், அடியில் ஒரு தட்டு, அடுத்த ஆளிடம் ஒரு தள்ளு. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வாள். செய்து என்ன? இத்தனை வருஷத்தில் ஒரு ஆலைகூட அவளைத் தன் ஆள் என்று சொன்னதில்லை. நிரந்தர ஆட்கள் நீல அட்டை மாட்டிக்கொண்டு போனால் இவளுக்கு மஞ்சள் அட்டை. மஞ்சள் என்றால், நாளைக்கு வர வேண்டாம் என்று இன்று சாயங்காலம் சொல்லலாம், கேட்பதற்கு நாதியில்லை என்று அர்த்தம்.

கடைசியாக வாய்த்தது கேம் பெட்டி. டிவியில் மாட்டி விளையாடுகிற கன்சோல். உலகம் முழுக்க இளவட்டங்கள் அதற்காக நாளை எண்ணிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். பெட்டி அக்கா அதை ஆறு வாரம் மடித்தாள். அவள் தள்ளிவிடுகிற பெட்டிக்கு டேப் ஒட்டுகிறவளை எல்லோரும் டேப்பு என்றே கூப்பிட்டார்கள். அக்காவைவிடப் பத்து வயது சின்னவள். புருஷன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போய் வீட்டோடு கிடந்தான். ரெண்டு பெண் பிள்ளைகள். சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான். இருவருக்கும் நடுவே பெட்டி போன வேகத்துக்குப் பேச நேரமில்லை. ஆனாலும் பேசினார்கள், உதட்டை அசைக்காமல்.

ஒரு நாள் சூப்பர்வைசர் எல்லோரையும் கூட்டி நிற்கவைத்தார்.

"இந்தப் பெட்டி கடைக்குப் போற அன்னிக்கு லைன்ல யார் யார் இருக்கீங்களோ, அத்தன பேருக்கும் நீல அட்டை. மேல பேசிட்டேன்."

பேசிவிட்டாராம்! அடுத்த வாரமே லைன் நின்றது. வெளியீடு தள்ளிப்போகிறது என்றார்கள். ஏன், எதுவரை என்று கேட்டால் மூச். மஞ்சள் அட்டைக்காரர்கள் காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, கேட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் பெஞ்சில் உட்கார வேண்டும். மத்தியானம் ஒருவர் வந்து, இன்றைக்கு இல்லை, போய்ட்டு வாங்க என்பார். செல்போன்களைக் காவல்காரர் காலையிலேயே வாங்கிப் பூட்டிவிடுவதால் பொழுதுபோக்குக்கு வாய்தான் மிச்சம். பெட்டி சூடாகி வெடிக்கிறதாம் என்றாள் ஒருத்தி. கப்பல் கவிழ்ந்துவிட்டதாம் என்றாள் இன்னொருத்தி. முதலாளியின் பெண்டாட்டிக்குக் கலர் பிடிக்கவில்லையாம் என்று மூன்றாமவள் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கத்தில் ஒருத்திக்கும் தெரியாது.

இப்படி மூன்று வாரம் போன பிறகு ஒரு திங்கட்கிழமை டேப்பு அக்காவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அக்கா, என் சித்தி மக பெரிய ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற இடத்துல இருக்கால்ல? அங்க ரெண்டு ஆள் எடுக்குறாங்களாம். நிரந்தரம். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள பேரக் குடுக்கணும். நமக்குத்தான் முதல்ல சொன்னா."

"துணி துவைக்கவா?"

"மெஷின்தான் துவைக்குது. நம்ம மடிச்சாப் போதும். உனக்கு மடிக்கத் தெரியாதா?"

அக்கா சிரித்தாள். ஆனால் மனசு ஒட்டவில்லை. பதினோரு வருஷம் மஞ்சளைக் கட்டிக்கொண்டு அழுதாயிற்று. நீலம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது எழுந்து போவதா? யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அன்று மத்தியானம் வீட்டுக்குத் திரும்பும்போது, ஆலையின் பின்பக்கச் சந்து வழியாக வந்தவள் மேலே பார்த்தாள். அவர்கள் வேலை பார்த்த மூணாம் லைன் ஜன்னல்களில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூன்று வாரமாக இருட்டாகக் கிடந்த கட்டடம். உள்ளே ஆட்கள் நடமாடுகிற நிழல்கூடத் தெரிந்தது.

அவளுடைய புருஷன் லாரி ஓட்டுகிறவர். பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து தூங்கிவிட்டுப் போவார். வீட்டில் அவளோடு இருந்தது கொழுந்தன். முப்பத்தெட்டு வயது, கல்யாணமும் இல்லை, வேலையும் இல்லை, வாய் மட்டும் உண்டு. அந்த வாயை வைத்தே மாடி அறையில் ஒரு சேனல் நடத்திக்கொண்டிருந்தான். ஒரு வட்ட விளக்கு, ஒரு மைக், முதுகுக்குப் பின்னால் ஒரு கருப்புத் திரை. கன்சோல் தள்ளிப்போனது ஊருக்கெல்லாம் நஷ்டம் என்றால் அவனுக்கு அதுவே பிழைப்பு. ஏன் தள்ளிப்போனது என்று ஒரு வீடியோ, அது அப்படி இல்லை என்று மறுநாள் ஒரு வீடியோ. அக்கா ஒன்றையும் பார்த்ததில்லை. அவன் பேசுகிற வேகத்தில் தலை சுற்றும்.

அன்று அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது டீ கேட்டு வந்தான்.

"என்ன அண்ணி, மூஞ்சி பிரகாசமா இருக்கு? அண்ணன் வர்றாரா?"

"போடா. மூணாம் லைன்ல லைட்டு எரியுதுடா. ஆளு நடமாட்டம் இருக்கு. இன்னும் பத்து, பதினஞ்சு நாள்ல ஆரம்பிச்சிருவாங்கபோல."

"ஓ" என்றான் கொழுந்தன். டீயை வாங்கிக்கொண்டு, சர்க்கரை போதவில்லை என்றுகூடச் சொல்லாமல் மாடி ஏறினான்.

வியாழக்கிழமை காலையில் கொட்டகை திமிலோகப்பட்டது. போனைப் பூட்ட வாங்குவதற்கு முன் கேட்டுக்கு வெளியே ஆளாளுக்கு அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டாம் தேதி உற்பத்தி தொடங்குகிறது! நம்பத்தகுந்த ஆலை வட்டாரம் உறுதி செய்திருக்கிறது. முதல் நாளே நாற்பது லாரி. இதைச் சொன்னது ஒரு சேனல் இல்லை, மூன்று சேனல். மூன்றாவது வெளிநாட்டுக்காரனுடையது, டை கட்டிய ஒரு வெள்ளைக்காரன் படம் எல்லாம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தான். டேப்பு தன் போனை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அக்கா, இவன் தேதியே சொல்றான் பாரு."

தான் பாத்திரத் தொட்டிக்கு முன்னால் நின்று சொன்னதுதான் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. எப்படி உறைக்கும்? அவள் தேதி சொல்லவில்லை, லாரி சொல்லவில்லை, வெள்ளைக்காரனை ஜென்மத்தில் பார்த்ததில்லை. மாறாக, தான் பார்த்ததற்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்று அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"நான் இதுவரைக்கும் உங்கிட்ட சொல்லலடி, திங்கக்கிழமையே என் கண்ணால பாத்தேன். மூணாம் லைன்ல லைட்டு எரியுது. ஆளு இருக்கு. இவங்க சொல்றது சத்தியமான உண்மை."

கொட்டகை முழுக்க அவளைச் சூழ்ந்துகொண்டது. கண்ணால் பார்த்தவள் ஒருத்தி கிடைத்துவிட்டாளே! எந்த ஜன்னல், எத்தனை விளக்கு, எத்தனை ஆள் என்று கேட்டுக் குடைந்தார்கள். அவளும் சளைக்காமல் சொன்னாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் உள்ளே ஆட்கள் கொஞ்சம் கூடினார்கள். அவளுடைய வாழ்நாளில் இத்தனை பேர் அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் பேர் கொடுக்கக் கடைசி நாள். மத்தியானம் கொட்டகையிலிருந்து வெளியே வந்ததும் டேப்பு பஸ் நிறுத்தத்தில் தயங்கி நின்றாள்.

"போய் எழுதிக் குடுத்துட்டு வந்துரலாமாக்கா? இது வரலைன்னா வீட்ல அடுப்பு எரியாது."

"பைத்தியமாடி நீ? இன்னும் பத்து நாள். அஞ்சு வருஷமா நீ ஒட்டுன டேப்பு இந்த உலகத்தயே சுத்திக் கட்டியிருக்கும். நீல அட்ட வர்ற நேரத்துல அடுத்தவன் போர்வைய மடிக்கப் போறியா? மூணு சேனல்காரனும் சொல்றான், நானும் கண்ணால பாத்திருக்கேன். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

டேப்பு பையிலிருந்து போனை எடுத்து, அந்த வெள்ளைக்காரனை இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ் வந்தது. ரெண்டு பேரும் ஏறவில்லை.

பதினெட்டாம் தேதி காலையில் எல்லோரும் தலைவாரி, துவைத்த சட்டை போட்டு, ஏதோ பெண் பார்க்க வருகிற வீட்டில் நிற்பதுபோல நின்றார்கள். கொட்டகை பூட்டியிருந்தது. காவல்காரர் ஒரு தாளை வைத்துக்கொண்டு பேர் பேராகப் படித்தார். படித்த பேர்க்காரர் மஞ்சள் அட்டையைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட வேண்டும். அவ்வளவுதான். கேம் பெட்டியை வேறு நாட்டில், வேறு ஆலையில் செய்யப்போகிறார்களாம். சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள் என்று கத்தினார்கள். அவர் முந்தின வாரமே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்றார் காவல்காரர். அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"அப்ப மூணாம் லைன்ல லைட்டு எரிஞ்சுதே?" என்று பெட்டி அக்கா கேட்டாள்.

"மெஷினக் கழட்டுனாங்கம்மா. இருட்டுல எப்படி ஸ்க்ரூ கழட்டுறது?" என்றார் காவல்காரர்.

அவள் திரும்பி டேப்புவைத் தேடினாள். டேப்பு தெரு முனையில் போனைக் காதில் வைத்து, அந்தச் சித்தி மகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. போனை இறக்கிவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்துபோனாள்.

வீட்டுக்கு வந்த அக்கா நேராக மாடி ஏறினாள். கொழுந்தன் வட்ட விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, பதினெட்டாம் தேதின்னு எல்லாரும் சொன்னாங்களே, அது எங்கேருந்துடா வந்துச்சு? உனக்குத் தெரியுமா?"

"நான்தானே அண்ணி முதல்ல போட்டேன்! மத்தவன்லாம் என்னப் பாத்துப் போட்டவன். அந்த வெள்ளக்காரன்கூட" என்றான் பெருமையாக.

"உனக்கு யாருடா சொன்னது?"

அவன் விழித்தான். நிஜமாகவே அவள் கேட்பது அவனுக்குப் புரியவில்லை.

"நீங்கதானே அண்ணி. பாத்திரம் கழுவுறப்போ."

"நானா? நம்பத்தகுந்த வட்டாரம்னு போட்டியாமே."

"நீங்க ஆலைக்குத்தானே போறீங்க? உங்கள நான் நம்பலயா? அண்ணி வட்டாரம்னு போட்டா எவன் பாப்பான்? பத்துப் பதினஞ்சு நாள்னு சொன்னீங்க, அதுல ஒரு நல்ல தேதியாப் பாத்துப் போட்டேன்."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடித்து என்ன? அவன் ஒரே ஒரு தடவைதான் பொய் சொன்னான். கொட்டகையில் பெஞ்சுமேல் ஏறி நின்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னது யார்? டேப்புவைப் பஸ் ஏறவிடாமல் பிடித்து வைத்தது யார்? இந்தக் கேள்விகள் கொழுந்தனிடம் கேட்க வேண்டியவை இல்லை. அவன் அதற்குள் பக்கத்தில் வந்து குனிந்து, "அண்ணி, மெஷின்லாம் கழட்டிட்டாங்களா? என்னென்ன பாத்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டான். அவள் எழுந்து கீழே போய்விட்டாள். அன்று சாயங்காலமே அவன் வீடியோ போட்டான். அதை முன்னதைவிட மூன்று மடங்கு பேர் பார்த்தார்களாம்.

ரெண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. டேப்புவிடம் சொல்லாமலே இருந்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் சேனல்காரர்களை நம்பிக் கெட்டோம் என்று அவள் எங்கேயோ உட்கார்ந்து சபித்துக்கொண்டிருப்பாள், அந்தச் சாபம் முழுக்கத் தனக்குத்தான் சேர வேண்டியது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கிளம்பிப் போனாள்.

டேப்பு வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தாரின் துணிகளைக் குவித்து வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே புருஷன் இருமுகிற சத்தம் கேட்டது. "வாக்கா" என்றாள். உட்காரச் சொல்லி ஸ்டூலையும் நகர்த்தினாள். அந்த மரியாதை தாங்காமல் பெட்டி அக்கா நின்றபடியே ஒரே மூச்சில் கொட்டினாள். லைட்டைப் பார்த்தது, கொழுந்தனிடம் சொன்னது, அவன் தேதி வைத்தது, அது ஊர் சுற்றி வந்தது.

"சேனல்காரனுக்கு ஒண்ணும் தெரியாதுடி. அது அத்தனையும் என் பேச்சு. நான் சொன்னதத்தான் நானே நம்புனேன். உன்னயும் நம்ப வச்சேன். என்னத் திட்டு. செருப்பாலகூட அடி."

டேப்பு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கோபம் வந்ததாகவே தெரியவில்லை. கணக்கு தப்பாக வந்தால் திரும்பக் கூட்டிப் பார்க்கிறவளைப் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் பதினெட்டாம் தேதி, நாப்பது லாரி எல்லாம் உன் பேச்சா?"

"ஆமாடி."

"என்கூட அதே பெஞ்சுல உக்காந்திருந்தவ நீ. உனக்கும் ஒண்ணும் தெரியாது, எனக்கும் ஒண்ணும் தெரியாது. அது உன் பேச்சுன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா, அந்த வெள்ளிக்கிழமையே நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேனேக்கா."

பெட்டி அக்காவாக இருந்தாலும் போயிருப்பாள்.