மயில்துத்தம் போட்ட பசை

மரவள்ளி மாவு கொதிக்கும்போது எழும் புளித்த வாடையும், அதில் அம்மா நுணுக்கிப் போடும் நீல மயில்துத்தத்தின் துவர்ப்பும் சேர்ந்து நாக்கிலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். திருத்தங்கல்லில் எங்கள் வீட்டுக்கு அந்த வாடையோடுதான் பொழுது விடியும். தீப்பெட்டிக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே "பெட்டி ஒட்டும்" குடும்பம் எங்களுடையது. "துத்தம் போடாட்டா பூச்சி தின்னுரும், அம்புட்டுப் பெட்டியும் வீணாப் போகும்" என்று சொல்லிக்கொண்டே அம்மா பசை கிண்டுவார். ஒன்பது வயதிலேயே நான் மூலை பிசகாமல் ஒட்டுவேன். அதில் எனக்குக் கொள்ளைத் திமிர்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் அக்கா எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் தேறியதில்லை. மதுரையில் ஓர் அரசுக் கல்லூரிக்கு பி.யூ.சி. படிக்க மனுப் போட்டு, நேரில் வரச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்று, குறிப்பிட்ட வயது நிறைந்ததற்கு அத்தாட்சி என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வேண்டும். மார்க்கையும் பிறந்த தேதியையும் பேனாவால் எழுதி, தலைமையாசிரியை கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தரும் சின்னப் புத்தகம் அது. அப்பாவை நாங்கள் "அய்யா" என்போம். அய்யா அதை மஞ்சள் பையில் சுற்றித் தகரப்பெட்டிக்குள் வைத்திருந்தார்.

பீற்றிக்கொள்ளும் ஆசையில் நான் அதை எடுத்துப்போய்த் தெருப்பிள்ளைகளிடம் காட்டினேன். ஆளாளுக்கு இழுத்ததில் முதல் பக்கம் குறுக்கே கிழிந்தது. நான் அழவில்லை, ஒட்டத் தெரிந்தவள் எதற்கு அழவேண்டும்? மிஞ்சிய பசையை எடுத்து, லேபிள் தாளில் ஒரு கீற்று நறுக்கி, பின்புறம் வைத்து நீவி, காயவைத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். ஈரத்தில் மை கசிந்து பிறந்த வருடத்தின்மேல் படர்ந்ததை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

மதுரைக்கு நானும் அடம்பிடித்துக் கூடப் போனேன். குமாஸ்தா அந்தப் பக்கத்தைப் புரட்டியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பிறந்த தேதியிலே கை வச்சிருக்கீங்களே, யார் ஒட்டினது?"

அய்யா திகைத்துப்போய் அக்காவைப் பார்த்தார். அக்கா அந்தத் தாளை வாங்கித் தடவினாள். கீற்றை நீவியிருக்கும் வாகைப் பார்த்தாலே யார் கை என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்துவிடும். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நாந்தான் சார் ஒட்டுனேன், கிளிஞ்சு போச்சு" என்றாள். நான் அய்யாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

குமாஸ்தா பொல்லாதவர் அல்ல. தலைமையாசிரியையிடம் எழுதி வாங்கிவரச் சொல்லி நான்கு நாள் அவகாசம் தந்தார். "ஒம் புத்தி எங்கன போச்சு?" என்று விருதுநகர் வரும்வரை அய்யா அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தார், ஜன்னலோரம் உட்கார்ந்து நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன். தலைமையாசிரியையோ விடுமுறைக்கு நாசரேத் பக்கம் சொந்த ஊருக்குப் போயிருந்தார். அய்யா தேடிப் பிடித்துக் கடிதம் வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போனபோது இடமெல்லாம் நிரம்பிவிட்டது.

"அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம், தாயி" என்றார் அய்யா. சும்மா இருப்பானேன் என்று சிவகாசியில் லேபிள் அச்சகமொன்றுக்குத் தாள் அடுக்க அக்காவை அனுப்பினார்கள். அடுத்த வருடம் வந்தபோது மாப்பிள்ளையும் வந்துவிட்டார்.

பிற்பாடு அதே கல்லூரியில் நான் சேர்ந்தேன். என்னுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கு அக்காதான் அட்டை போட்டுக் கொடுத்தாள். "பத்திரமா வச்சுக்கோ" என்றாள், அவ்வளவுதான். அன்றைக்காவது காலில் விழுந்திருக்கலாம். இன்றுவரை வெட்கமாக இருக்கிறது.

இப்போது பெட்டிகளை இயந்திரம் செய்கிறது; கல்லூரிக்கான மனுவை என் பேரன் செல்பேசியிலேயே போட்டு முடித்துவிட்டான். போன தை மாதம் அக்கா இறந்தாள். அவளுடைய டிரங்குப் பெட்டியின் அடியில் அந்தப் புத்தகம் கிடந்தது. மார்க் பக்கங்களையெல்லாம் பூச்சி அரித்துச் சல்லடையாக்கியிருந்தது. தலைமையாசிரியையின் கடிதம் தொட்டதும் உதிர்ந்தது. நான் ஒட்டிய பக்கம் மட்டும், லேசாக நீலம் பாரித்து, ஓர் ஓட்டைகூட இல்லாமல் அப்படியே இருக்கிறது.