ஓடுபாதையோரம் என் அடுப்பு

“அக்கா, உங்க பருப்பைச் சாப்பிட்டுட்டு மேலே போனா வயிறு பலூன் மாதிரி உப்புது. ரெண்டு பேர் உட்கார்ற விமானத்துல நான் எங்கே லா ஓடுறது?”

பறக்கப் பழகுகிறவர்களுக்குச் சமைப்பதில் இதுதான் சங்கடம்: நம் கைப்பக்குவத்தின் குறையை ஆகாயத்தில் போய்க் கண்டுபிடிப்பார்கள். அடுப்படியில் தினமும் பேச்சு வாங்கும் சகோதரிகளே, உங்களைத் தரையில் இருப்பவர்கள்தானே குறை சொல்கிறார்கள்!

பருப்புக்குத் தடை

மலேசியாவில், அசாம் ஜாவா ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் சின்ன விமானத் திடல். பயிற்சிக்காரர்களின் காலைப் பசியாறலும் மதியச் சோறும் என் பொறுப்பு. மேற்படி புகார், பயிற்சி கொடுக்கும் கேப்டன் குமாருடையது. எனக்குப் பொறுமை கிடையாது. “பருப்பில்லாம சாம்பார் எப்படி வைக்கிறது? நீங்களே வந்து கரண்டியைப் பிடிங்க” என்றேன். மனிதர் அசரவில்லை.

“ரசம்னு ஒண்ணு இருக்கே, அக்கா.”

தள்ளி வைத்த தோசை

மகேஸ்வரி, சபாக் பக்கத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவரின் மகள். அழகாக மேலே ஏற்றிவிடுவாள். இறக்கும்போதுதான் விமானம் தவளை மாதிரி குதிக்கும். கூடப் படிப்பவர்கள் எல்லோரும் தனியாகப் பறந்துவிட்டார்கள். அவளுக்கு அன்று கடைசிச் சோதனை. தோசையைத் தொடவில்லை. “நிமிர்ந்து உட்காரு. பசியில நடுங்குறவளை நம்பி யாரு விமானத்தைக் குடுப்பா?” என்று, கான்வென்டில் நான் வாங்கிய அதட்டலை அப்படியே கொடுத்தேன்.

“குடுக்கலைன்னா வீட்டுக்குத்தான், ஆன்ட்டி. என் மக பைலட்டுன்னு அப்பா தோட்டம் பூரா சொல்லி வச்சிருக்காரு.”

ஒரு வாளித் தண்ணீர்

சோதனை முடிந்து கேப்டன் மட்டும் இறங்கி வந்தார். அவளைத் தனியே அனுப்பிவிட்டார்! நான் வேலியோரம் நின்று மாதாவையும் முருகனையும் சேர்த்தே கூப்பிட்டேன். செம்பனைக்கு மேலே ஒரு சுற்று. சக்கரம் தரையைத் தொட்டது. குதிக்கவில்லை.

முதன்முதலில் தனியாகப் பறந்து இறங்கியவர் தலையில் தண்ணீர் ஊற்றுவது இவர்கள் வழக்கம். பையன்கள் அவசரத்தில் என் சமையல்கட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அது மதியத்துக்குக் கெம்போங் மீன் கழுவிய தண்ணீர். நான் கத்துவதற்குள் ஊற்றியாகிவிட்டது.

செதில் ஒட்டிய முகத்தோடு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். என் உடுப்பை யாராவது கசக்கினாலே எனக்கு ஆகாது, அன்று விலகவில்லை. இந்தப் பிள்ளை பத்திரமாக இறங்கியதைப் பார்க்கக் கொடுத்துவைத்தேனே என்று மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

“பசிக்குது, ஆன்ட்டி. அந்த மீனைச் சீக்கிரம் பொரிங்க.”

அதற்குள் அவள் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். ஆகாயத்தில் வழி தெரிந்த பிள்ளைகளுக்கு, எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்க மட்டும் தெரியாது.

“டேய், யாராவது அந்த வாளியைக் கழுவிக் கொண்டாங்கடா!”