வெளிவேலைக்கு ஊர் பிடித்த கதை

கண் முன்னால் நடக்கிற வேலையை யாரும் வாங்கிவிடலாம். கண்ணுக்கு எட்டாத ஊரில் நடக்கிற வேலையை வாங்கத்தான் என்னைப் போன்றவர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

சிவகாசியில் எங்கள் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கவும் மருந்து முக்கவுமே இடம் போதாது. பெட்டி ஒட்டுவதைச் சுற்றுப்பட்டு ஊர்களில் வீடுகளுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் மேனேஜர் அண்ணாச்சி. மரச்சீவல், நீலத்தாள், பசைமாவு வேனில் போகும். ஒட்டிய பெட்டி அதே வேனில் திரும்பும். ஊர் பிடித்து, வீடு பிடித்து, வேலையை ஓடவைப்பது என் பொறுப்பு. என் குரல் பக்கத்து ஆளுக்கே எட்டாது. கம்பெனிக்குள் ஆட்களை விரட்ட உதவமாட்டேன் என்றுதான் என்னை வெளியே அனுப்பினார்கள். "தை வரைக்கும் பாப்போம். சரிப்படலைன்னா எல்லாத்தையும் உள்ள கொண்டாந்துருவோம்" என்று சொல்லித்தான் அனுப்பினார் அண்ணாச்சி.

உள்ளே கொண்டுவந்தால் எனக்கு வேறு வேலை கிடைக்கும். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துச் செல்லத்தாயி அக்காவுக்குக் கிடைக்காது. அவர் வீட்டுக்காரர் மாடசாமி, கிணறு வெட்டும்போது விழுந்து இடுப்பொடிந்து கட்டிலில் கிடக்கிறார். புரட்டிப் படுக்கவைக்கக்கூட ஆள் வேண்டும். அவரை விட்டுவிட்டு அக்கா எப்படிக் கம்பெனி வேலைக்கு வேன் ஏறுவார்?

சேராத ஜோடி

முதல் லோடில் ஆனைக்குட்டத்துக்குக் குச்சி நிரப்பும் உள்பெட்டியும், அக்கா ஊருக்கு அதைச் செருகும் மேல்பெட்டியும் ஒட்டக் கொடுத்தேன். சரக்கெல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்தது. சீவலை மடிக்க அளவாக ஒரு மரக்கட்டை வேண்டுமே, அதை மட்டும் யாரும் ஏற்றவில்லை. கம்பெனியில் அது எப்போதும் பலகைமேலேயே கிடப்பதால், அதுவும் ஒரு சாமான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர்களும் பாவம், கேட்கக் கூச்சப்பட்டு, வீட்டில் கிடந்த பழைய தீப்பெட்டியைப் பார்த்து மடித்துவிட்டார்கள்.

திரும்பி வந்த உள்பெட்டி எதுவும் மேல்பெட்டிக்குள் நுழையவில்லை. நுழைந்த ஒன்றிரண்டும் மறுபக்கமாக நழுவி விழுந்தன. போர்மேன் அருளப்பன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஏலே, அந்த ஊருப் பொண்ணுக்கு இந்த ஊரு மாப்பிள்ளைய முடிச்சியே, ஒரு எட்டு பக்கத்துல நிக்க வச்சுப் பாத்தியா?"

நிறுத்தச் சொல்லாத வேலை

கட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டு பெட்டியையும் அந்தந்த ஊரிலேயே ஜோடியாக ஒட்டச் சொன்ன பிறகு வேலை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழையில் பாதை சேறாகிவிட, வேன் டிரைவர் நாலு வீட்டுச் சரக்கையும் அக்கா வீட்டிலேயே இறக்கிவிட்டு வந்துவிட்டார். அதோடு வேனும் படுத்துக்கொண்டது. "சரக்கு இருக்க இருக்க ஒட்டுங்கக்கா" என்று நான் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போனால் அடுப்படியில் பெட்டி, மச்சுப்படியில் பெட்டி. அக்கா வாசலில் உலை வைத்திருந்தார். உள்ளே மாடசாமி அண்ணனைக் காணோம். பெட்டிக் குவியலுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "ஒட்டச் சொன்னீக, ஒட்டியாச்சு. நிறுத்தச் சொல்லியிருந்தா நிறுத்தியிருப்போம்ல? இப்ப என்னையத் தேடி எடுங்க தம்பி."

கட்டில் உயரத்துக்குப் பெட்டி ஏறினால் ஒட்டுவதை நிறுத்திவிட்டு, பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்ப வேண்டும் என்று அன்றைக்கு ஏற்பாடு செய்தேன்.

நான் போகிற நாள்

இரண்டு தடவை பட்டதில் பயந்துபோய், தினமும் அக்கா வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். மழைக்குப் பிறகு நாலு வீட்டுப் பெண்களும் அங்கேயே கூடி ஒட்டினார்கள். போனால் ஒருத்தி எழுந்து காப்பி போடுவாள், ஒருத்தி பாய் விரிப்பாள். மாடசாமி அண்ணன் கதை கேட்பார். என் தாத்தா சொன்ன கதைகள் எனக்கு மூட்டை மூட்டையாகத் தெரியும். என் சின்னக் குரலுக்கு எல்லோரும் கிட்ட வந்து உட்காருவார்கள். கதையில் ராசகுமாரன் ஏழு கடல் தாண்டும்போது இங்கே ஒரு கையும் அசையாது.

செல்லத்தாயி அக்காதான் ஒருநாள் சைக்கிள் வரைக்கும் கூடவே வந்து சொன்னார். "கோவிச்சுக்கிடாதீக தம்பி. நீங்க வராத அன்னைக்குத்தேன் வேல ஓடுது." அதிலிருந்து நான் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி வந்த அன்று

மார்கழிக் கடைசியில், சொல்லாமல் கொள்ளாமல் அண்ணாச்சி என்னை வேனில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். கம்பெனியில் அவர் நுழைந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். இங்கே அக்கா வீட்டு முற்றத்தில் அம்புட்டுப் பேரும் தலை நிமிராமல் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் வேலை இந்த நிமிஷத்தோடு போயிற்று என்றே நினைத்தேன்.

கட்டிலை வெயிலுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். மாடசாமி அண்ணன் ஒவ்வொரு உள்பெட்டியையும் மேல்பெட்டிக்குள் விட்டுப் பார்த்து, இறுகுவதை ஒதுக்கிக்கொண்டிருந்தார். "வாங்க அண்ணாச்சி. எந்திரிக்கலைன்னு நெனைக்காதீக. அவுக எந்திரிச்சா பசை காஞ்சிரும். நான் எந்திரிச்சு வருசம் ஒண்ணாச்சு" என்றார். பெண்கள் குனிந்தபடியே சிரித்தார்கள்.

அண்ணாச்சி ஒரு பெட்டியை எடுத்துத் திறந்து மூடினார். இன்னொன்றை எடுத்தார். பிறகு குவியலில் கையை விட்டு, அடியிலிருந்து ஒன்றை உருவினார். அதுவும் வழுக்கிக்கொண்டு திறந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இங்கன நமக்கு என்னலே வேல? வண்டிய எடுக்கச் சொல்லு. அடுத்து எந்த ஊரப் பிடிக்கலாம்னு போற வழியில பேசுவோம்."

ஆகவே, என்னைப் போலக் கண்மறைவில் வேலை வாங்கிப் பிழைக்கும் அன்பர்களே, நாம் இல்லாமலே வேலை ஓடிவிட்டால் நம் பிழைப்புப் போய்விடுமோ என்று பயப்படவே வேண்டாம், இன்னும் நாலு ஊரைச் சேர்த்து நம் தலையிலேயே கட்டிவிடுவார்கள்.