தாத்தாவின் மாடுகள் நின்ற வீடு

பிள்ளைகளே, உங்கள் தாத்தாவும் பெரியப்பாவும் ஏன் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். தெரியாததும் இதில் நிறைய உண்டு.

அப்போது சிராங்கூன் சாலையில் குடியிருந்தோம். என் அப்பாவான தாத்தா, என் அண்ணனான பெரியப்பா, நான், மூவருக்கும் மாட்டுவண்டித் தொழில். துறைமுகக் குத்தகைக்காரர் வண்டிக்கு இன்னும் அதிக மூட்டை ஏற்றச் சொன்னார். மாடு தாங்காது என்று வண்டிக்காரர்கள் எல்லாரும் வேலையை நிறுத்தி, நுகத்தடியைத் தரையில் சாய்த்துவிட்டார்கள். கூட்டத்தில் முன்னால் நின்று பேசியவர் பெரியப்பா. வண்டி பூட்டியே தீருவேன் என்றவர் தாத்தா மட்டும்தான்.

"நீ எப்படா எனக்கு மேஸ்திரி ஆனே?" என்றார் தாத்தா.

"எல்லாரும் நிக்கும்போது நீங்க மட்டும் போனா, என் மூஞ்சிய எங்க வைக்கிறது?"

"இருக்கிற எடத்துலயே வை."

மறுநாள் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "அப்பா மாட்ட பாலஸ்டியர் பக்கம் ஓட்டிட்டுப் போயிரு. மாடில்லாம எப்படிப் பூட்டுவாரு, பாப்போம்" என்றார்.

ஓட்டிப் போனேன். வழியில் மாடுகள் தாமாகவே ஒரு சந்தில் திரும்பி, ஒரு குடிசை முன் நின்றன. இழுத்தும் நகரவில்லை. கழுநீர்ச் சட்டியோடு ஓர் அம்மாள் வந்து, "இன்னிக்கி அவரு வரலயா?" என்றார். உள்ளே பாயில் ஒருவர். அவருக்கு ஒரு கால் இல்லை. பக்கத்தில் எங்கள் வீட்டு அரிசிப் பை.

தாத்தாவுக்கு இன்னொரு குடும்பமா என்று குழம்பிப்போய், மாடுகளையும் ஓட்டிக்கொண்டு திரும்பி வந்து பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் தாத்தாவிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

"நீங்க பொறக்குமுன்ன இதே மாதிரி வண்டி நின்னுச்சு" என்றார் தாத்தா. "நான் பூட்டினேன். அந்தக் குடிசக்காரனும் அப்ப வண்டிக்காரன்தான், குறுக்க வந்து நின்னான். நான் நிறுத்துவேன்னு அவன் நெனச்சான். அவன் வெலகுவான்னு நான் நெனச்சேன். அவன் காலு போனதுலேர்ந்து அந்த வீட்டு அடுப்பும் என்னுது."

"இந்தத் தடவையாவது நில்லுங்கப்பா."

"நின்னா அவன் எதத் திம்பான்?"

யார் பக்கம் பேசுவதென்று எனக்கு விளங்கவில்லை.

விடிந்ததும் தாத்தா வண்டி பூட்டினார். பெரியப்பா வாசலை மறித்து நின்றார். மாடுகள் ஓரடி வைத்தன. தாத்தா கயிற்றை இறுக்கிப் பிடித்தார். மகனுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி, மாடுகளை அவிழ்த்து, நுகத்தடியைத் தரையில் வைத்தார்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அன்று மதியம் பெரியப்பா வண்டிக்காரர்களின் பொதுச் சமையலிலிருந்து அந்தக் குடிசைக்குச் சோறு கொண்டுபோனார். அதைக் கேட்டதும் தாத்தா தட்டை விட்டு எழுந்துவிட்டார்.

"நான் போட வேண்டிய சோத்த அவன் எதுக்குப் போடுறான்?"

மாடுகளை மறித்ததைத் தாத்தா பொறுத்துக்கொண்டார். சோறு கொண்டுபோனதைத்தான் இன்றுவரை பொறுக்கவில்லை.