சங்கிலிமுத்துவின் கடல் பூ

கையை முகர்ந்து பார்க்காமல் சங்கிலிமுத்து தொட்டிக்குள் கை விடமாட்டார். முழங்கை வரை வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுகிறார், சோப்பு கிடையாது. ஈர்க்குச்சியால் நகக்கண்ணைச் சுரண்டுகிறார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார். அப்போதும் நம்பிக்கை வராமல், அடுப்படியில் இருக்கும் மனைவி குருவம்மாளிடம் போய், வாத்தியாரிடம் பிரம்படிக்கு நீட்டுவதுபோல இரண்டு கைகளையும் நீட்டுகிறார். அந்த அம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுத்தமாத்தான் இருக்கு, போங்க" என்று உத்தரவு கொடுக்க வேண்டும்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்குக் கலர் மருந்து கலக்கும் வேலை. மத்தாப்பு சிவப்பாக எரிவதும் பச்சையாக எரிவதும் அவருடைய கைப்பக்குவம். அந்த மனிதர் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டபோது, யாரோ கதை விடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். சீமைக்கருவேலம் தவிர வேறெதுவும் தானாக முளைக்காத மண் அது. போய்ப் பார்த்தால் மெய்தான். காளானைப் போலத் தண்டும் குடையும். குடை முழுக்க மயிரிழை மாதிரி விரல்கள், தண்ணீரின் போக்கில் அசைந்துகொண்டிருந்தன. நகை செய்கிற கெட்டிப் பவளம் இல்லை, மென்பவளம். உயிருள்ள பிராணி. அவர் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'கடல் பூ'.

தொட்டி முதலாளி வீட்டுடையது. முதலாளியின் மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனபோது, தூரப் போடச் சொன்ன தொட்டியை இவர் பூவும் கல்லுமாக டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கூடவே ஓர் இங்கிலீஷ் புத்தகமும் வந்தது. கடல்தண்ணீர் தூத்துக்குடியிலிருந்து வருகிறது. மீன்வண்டி ஓட்டும் வெள்ளைத்துரை ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே கேன்களைச் செருகிக் கொண்டுவந்து தருகிறார்.

சித்திரை வெயிலில் தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டியிருக்கும். வீட்டிலிருக்கும் ஒரே மேசை விசிறி அதன் பக்கமே திரும்பியிருக்கும். இந்த வருஷம், 2008-இல், மின்சாரம் போகிற போக்கு ஊருக்கே தெரியும். கரண்டு போன உடனே வீட்டில் யாராவது ஒருவர் போய்க் குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் பூவுக்கு மூச்சு முட்டுமாம். "எனக்குத் தலைவலின்னா தைலம் எடுத்துத் தர ஆளில்ல. இதுக்குன்னா வீடே எந்திரிச்சு நிக்குது" என்றார் குருவம்மாள்.

எனக்காக ஒரு பூவை நறுக்கிக் காட்டினார். புது பிளேடால் குடையின் ஓரத்தில் ஒரு கீற்று. துண்டைச் சிறு கல்லின் மேல் வைத்து, மிதந்து போகாமல் இருக்கக் கொசுவலைத் துணியால் மூடி, நூலால் கட்டினார். கட்டியது சரவெடி பின்னுகிற அதே முடிச்சு.

"நறுக்குன எடம் ஆறிரும். துண்டு கல்லப் புடிச்சிக்கிரும். இது பிள்ள பெறுற மாதிரி இல்லீங்க. அதே பூதான் ரெண்டு எடத்துல இருக்கும். இங்கன செத்தாலும் அங்கன இருக்கும்" என்றவர், சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு பிளேடைத் துடைக்க ஆரம்பித்தார்.

மிச்சத்தைக் குருவம்மாள் சொன்னார். அவருடைய தம்பி முனியராஜ் ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கிறார். அக்கா வீட்டுப் பூவைப் பார்த்து ஆசைப்பட்டு அவரும் ஒரு தொட்டி வாங்கினார். பூ தாங்கும்படி தண்ணீரைப் பழக்கி, கல்லெல்லாம் அடுக்கி, ஒரு பொங்கலன்று தூக்குவாளியோடு வந்து ஒரே ஒரு துண்டு கேட்டார். சங்கிலிமுத்துவுக்குக் கொடுக்க மனமில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால்கூடப் போயிருக்கும். பண்டிகைக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், "சிமிண்டுத் தூசிக்குள்ள கெடக்குறவனுக்குக் கடல் பூ ஒரு கேடா மாப்ள?" என்று சிரித்தார். முனியராஜ் வெறும் தூக்குவாளியோடு திரும்பியவர்தான். அதற்குப் பிறகு அக்கா வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

அடுத்த சில மாதத்தில், முதலாளி வீட்டிலிருந்து வந்த அந்தப் பூ செத்தது. மகள் பானுப்பிரியா இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தபோது, பவளத்துக்கு ஸ்ட்ரான்சியம் வேண்டும் என்று ஒரு வரி வந்திருக்கிறது. சங்கிலிமுத்து துள்ளி எழுந்திருக்கிறார். "அட, இது நம்ம செவப்புல்ல! நாள் பூரா நான் கலக்குற சரக்குல்ல!" பட்டாசு சிவப்பாக எரியப் போடுவதும் அந்தப் பெயர் கொண்ட உப்புத்தான். கடல் பூவும் தானும் ஒரே சரக்கில் பிழைக்கிறோம் என்று மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சொட்டுக் கணக்கு என்று மகள் அடுத்த வரியை வாசித்ததற்குக் காது கொடுக்காமல், கம்பெனியிலிருந்து பொட்டலம் கட்டி வந்து கைநிறைய அள்ளிப் போட்டார். மச்சினனுக்கு ஒரு கீற்றுக் கொடுக்காத கை அது. விடிவதற்குள் பூ சுருண்டு, கோழையாய் வடிந்து, மறுநாள் தொட்டியே நாறியது.

"அன்னைக்கு மாப்ளைக்கு ஒரு துண்டு குடுத்திருந்தா, அங்கன போயி வாங்கியாந்து திரும்பவும் வச்சிருக்கலாம். அதே பூவு. அதே பூவுங்க" என்றார் சங்கிலிமுத்து. எனக்கு அவர் மேல் கோபம்தான் வரவேண்டும். பாவமாக இருந்தது.

இப்போது தொட்டியில் இருப்பது மதுரைக் கடை ஒன்றில் வாங்கியதன் வளர்ப்பு. கேட்டவருக்கெல்லாம் நறுக்கித் தருகிறார். கேட்காதவர் கையிலும் திணிக்கிறார். பாதிப்பேர் வீட்டில் பிழைப்பதில்லை என்று தெரிந்தும் தருகிறார். கொடுக்க வேண்டிய ஒருவரிடம் மட்டும் போக முடியவில்லை.

ஆவணியில் பானுப்பிரியாவுக்குக் கல்யாணம். பத்திரிகைக் கட்டு சிவகாசி அச்சகத்திலிருந்து வந்து, மூலையில் மஞ்சள் தடவி, டிவி மேல் அப்படியே இருக்கிறது. முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். அது போகாமல் ஊருக்கு ஒன்றுகூடக் கொடுக்க விடமாட்டேன் என்கிறார் குருவம்மாள். "மாமன் இல்லாம எம்மகள மணையில உக்கார வைக்கணுமா?"

போக முடியாதபடி முனியராஜ் ஒன்றும் கதவடைத்துவிடவில்லை. வெள்ளைத்துரை சொன்னாராம்: ஆலங்குளத்திலும் ஒரு கேன் தண்ணீர் தவறாமல் இறங்குகிறது, அங்கே தொட்டியில் வெறும் கல்லும் தண்ணீரும்தான், வாரம் தவறாமல் தண்ணீரை மாற்றிக்கொண்டிருக்கிறார்.

நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.

"ராசபாளையம் பஸ்ஸுதான? ஆலங்குளம் வழியாத்தான போறீக?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பாலிதீன் பையில் தொட்டித் தண்ணீரை மொண்டு, இருப்பதிலேயே நன்றாகப் பிடித்திருந்த துண்டைக் கல்லோடு இறக்கி, காற்றடைத்து ரப்பர் பேண்டு போட்டுவிட்டார். "இறங்குனதும் ஒரு டீக்கடை இருக்கும். சிமிண்டு ஆலை முனியராஜ்னா வீட்டக் காட்டுவாக. நான் குடுத்தேன்னு சொல்லாதீக." கொஞ்சம் யோசித்தார். "சொன்னாலும் சொல்லுங்க."

குருவம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "பூவ அவுக கொண்டுபோயிருவாக. பத்திரிகைய யாரு கொண்டுபோவா?"

சங்கிலிமுத்து வாசல்வரை வந்தார். நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் பையை விடவில்லை. அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குனிந்து பார்க்காமலே, வலது காலால் படிக்குக் கீழே கிடந்த செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தார்.