திண்டிவனத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

எந்த ஊர் என்று யார் கேட்டாலும் அர்ஜுனன் திண்டிவனம் என்றுதான் சொல்வார். பிறந்தது கொல்கத்தாவில், கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பில். அங்கேயே தலைமை அலுவலகத்தில் பியூனாகச் சேர்ந்து, கிளார்க்காக ஓய்வு பெற்றார். திண்டிவனத்தை இரண்டே முறை பார்த்திருக்கிறார். ஒன்று தன் கல்யாணத்துக்கு, இன்னொன்று சித்தப்பா சாவுக்கு. மனதுக்குள் எண்ணுவதுகூட வங்காள மொழியில்தான். ஆனாலும் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் அதே பதில்தான். பக்கத்து வீட்டில் வளர்ந்த ஷோபனா இதை இருபது வருடமாகக் கேட்டிருக்கிறாள்.

"இவனத் திண்டிவனத்துல எறக்கி விட்டா பஸ் ஸ்டாண்டுக்கே வழி கேப்பான். அதையும் பெங்காலியில கேப்பான்" என்பார் முகமது ரபீக்.

"நீ மட்டும் கீழக்கரையில முத்துக் குளிச்சியாக்கும். காய அடி பாய்."

ரபீக்கின் மளிகைக் கடைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத சரக்கறையில், அப்பளக் கட்டுகளுக்கு நடுவே கேரம் பலகை. முப்பது வருடமாக மாலை ஆறு மணிக்கு இருவரும் அதன் முன்னால் இருப்பார்கள். சமீபகாலமாக, கப்பல் கட்டும் தளத்து வெல்டர் ஒருவரும் சேர்ந்துகொண்டார்.

ஷோபனா அவள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. காசநோய்க் கிருமியை ஆராயும் கூடம் ஒன்றில் வேலை. கொல்கத்தா நோயாளிகளின் சளியிலிருந்து கிருமியை வளர்த்து, அதன் மரபணுவைப் படித்து, வங்கதேசம், நேபாளம், பூட்டானில் கிடைத்தவற்றோடு ஒப்பிடுவார்கள். கிருமியிலும் குடும்பங்கள் உண்டு. தெற்கே ஒரு குடும்பம் அதிகம், நேபாளம், பூட்டான் பக்கம் வேறொன்று. வங்கதேசத்தில் எல்லாம் கலந்திருக்கும். எது எங்கே கிளைத்து எந்த வழியாக வந்தது என்று வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள்.

அர்ஜுனனுக்கு இருமல் நிற்காமல் போனபோது அவர் மனைவி அலமு ஷோபனாவைத்தான் கூப்பிட்டாள். மாதிரி எடுத்த அன்று படிவத்தை நிரப்பியதும் அவள்தான். 'இடம்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"என்ன போடட்டும் மாமா?"

"இதென்ன கேள்வி? திண்டிவனம்."

எழுதிவிட்டாள். அவளுடைய கல்லூரிப் படிவத்திலும் அவள் அப்பா இப்படித்தான் வந்தவாசி என்று எழுத வைத்திருந்தார். கட்டம் கேட்டது, இந்த மனிதர் எந்த இடத்தில் மூச்சுவிட்டு வாழ்ந்தார் என்பதை. தினமும் அந்தப் படிவத்தைக் கையாண்டவளுக்கு அது தெரியாதா? தெரியும். தமிழில் கேட்டதும் தமிழில் பதில் வந்ததும் கை தானாக எழுதிவிட்டது.

முடிவு வந்தது. வழக்கமான மருந்துக்கு அடங்காத கிருமி. நேபாளம், பூட்டான் பக்கத்துக் குடும்பம். "தெற்கே இந்தக் கிளையா? நல்ல கண்டுபிடிப்பு ஷோபனா" என்றார் மேற்பார்வையாளர் மௌசுமிதி. வரைபடத்தில் திண்டிவனத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. தன் ஜனங்களுக்கும் அதில் ஓர் இடம் கிடைத்துவிட்டது போல ஷோபனாவுக்கு ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. பின்னாளில் அவளை அதிகம் கூச வைத்தது அந்தப் பெருமைதான்.

ஒரே பகுதியில் இருவருக்கு ஒரே கிருமி என்றால், அவர்கள் எங்கே சந்தித்தார்கள் என்று சுகாதார ஊழியர்கள் விசாரிக்கப் போவார்கள். அந்த மாதமே வெல்டரின் சளியிலும் அதே கிருமி. அவர் கார்டன் ரீச், இவர் திண்டிவனம். பட்டியலில் பெயர்கள் இல்லை, எண்கள்தான். யாருக்கும் பொறி தட்டவில்லை. ரபீக் கடைக்கு யாரும் போகவில்லை.

"எனக்கு டிபின்னு பாய்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ வாயத் தெறக்காத" என்றார் அர்ஜுனன். "மளிகைக் கடையில டிபிக்காரன் உக்காந்திருந்தான்னு தெரிஞ்சா ஒருத்தன் பருப்பு வாங்குவானா?" முழங்கால் வலி என்று சொல்லிக் கடைக்குப் போவதை நிறுத்தினார்.

ஷோபனா இரண்டு முறை கேட்டாள். "சொல்லிட்டீங்களா மாமா?"

"கொஞ்சம் தேறட்டும், நேர்ல போறேன். போன்ல சொல்ற விஷயமா இது?"

ஏழாவது மாதம் இறந்துபோனார். நெஞ்சுச் சளி என்று அலமு எல்லோரிடமும் சொன்னாள்.

பூஜை விடுமுறை முடிந்ததும் ரபீக்கின் மாதிரி வந்தது. அவரும் கீழக்கரை என்றுதான் சொல்லியிருப்பார். படிவம் நிரப்பிய வங்காளிப் பெண் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், குடியிருக்கும் தெருவை எழுதியிருந்தாள். கணினி உடனே அவரை வெல்டரோடு சேர்த்தது. ஷோபனா பழைய தாளை எடுத்து, அர்ஜுனனின் எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்றும் ஒரே கிருமி.

மௌசுமிதியிடம் போய் ஒப்புக்கொண்டாள். அவர் திட்டவில்லை. புள்ளி திண்டிவனத்திலிருந்து ஹூக்ளி ஆற்றங்கரைக் கார்டன் ரீச்சுக்கு நகர்ந்தது. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ரபீக்கைப் பார்க்கப் போனாள். கடை பூட்டியிருந்தது. மாடி வராந்தாவில் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார், பாதி ஆளாகியிருந்தார். இடது நுரையீரல் இனி முழுதாகத் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும். அர்ஜுனனுக்கு நெஞ்சுச் சளின்னாங்க. எனக்கு இது வந்த பெறகுதான் ஒறைக்குது. அவனுக்கு நாந்தான் ஒட்ட வச்சிட்டேனா?"

"இல்ல பாய் மாமா."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குத் தேதிகள் தெரியும். யார் யாருக்குக் கொடுத்தது என்று கிருமி சொல்லாது. ஆனால் அர்ஜுனன் படுத்தது ஒரு வருடம் முன்னால். ஒரு நோயாளியின் பெயரை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்று அவள் கையெழுத்திட்டிருக்கிறாள். அலமு ஊருக்குச் சொன்ன நெஞ்சுச் சளியும் இருக்கிறது. உண்மையைச் சொல்லாததற்கு இதெல்லாம் காரணமா, தன் கையெழுத்தில் இருந்த திண்டிவனம்தான் காரணமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஆச்சு. அவன் கடைசியா சொல்லியனுப்பினான், ஒரு விஷயம் சொல்லணும் பாய், காலு சரியானதும் வர்றேன்னு. என்ன விஷயம்னு தெரியல. வரவே இல்ல."

ஷோபனா படி இறங்கினாள். அர்ஜுனன் சொல்ல வேண்டியிருந்த அந்த ஒரு வாக்கியம் ரபீக்குக்கு இன்னும் பாக்கி.